மழை விட்டாலும் மண் விடாது! மலை சரிவதும் சுவர் சாய்வதும் ஏன்? ஒரு அலசல்

கோவை:

கொட்டுகிற மழையில் அசையாமல் நிற்கிற மண்மேடு, மழை விட்ட பிறகு திடீரென்று சரிகிறதே, அது எப்படி? மேட்டுப்பாளையம், குன்னூர், கோத்தகிரி, வால்பாறை பக்கம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் மக்கள் கேட்கும் கேள்வி இது.

"மழை விட்டுருச்சுங்க, இனி பயமில்லீங்க" என்று சொல்லிவிட்டு கதவைச் சாத்திப் படுப்பது நம்ம பக்கத்து வழக்கம். வானத்தில் மழை நின்றது உண்மைதான். ஆனால் பெய்த தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஆபத்து இருப்பது அந்தத் தண்ணீரில்தான்.

இது தெரியாமல் போனதால் பறிபோன உயிர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

நடூரில் விடியாத காலை

2019-ம் ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி. மேட்டுப்பாளையம் நடூர் ஏ.டி. காலனி. முந்தின நாள் முழுக்க பலத்த மழை. விடிவதற்கு முன்பு, எல்லோரும் அசந்து தூங்கும் நேரத்தில், பக்கத்து இடத்தின் சுமார் 20 அடி உயர சுற்றுச்சுவர் இடிந்து ஓட்டு வீடுகள் மீது விழுந்தது.

17 பேர் பலியானார்கள். பெண்கள், குழந்தைகள் என்று குடும்பம் குடும்பமாக மண்ணோடும் கல்லோடும் புதைந்து போனார்கள். இறந்தவர்கள் அத்தனை பேரும் அன்றாடம் கூலிக்குப் போய்ப் பிழைக்கும் தலித் குடும்பத்தினர்.

அந்தச் சுவர் ஆபத்தாக இருப்பதாக முன்பே சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்று காலனி மக்கள் அப்போது கதறினார்கள். இறந்தவர்களின் குடும்பத்துக்கு முதலில் தலா 4 லட்சம் ரூபாய் அறிவித்த அரசு, பிறகு அதை 10 லட்சமாக உயர்த்தியது. போன உயிர் போனதுதான்.

எல்லாம் ராத்திரியில்தான்

நடூர் ஒன்று மட்டுமல்ல. 2020 ஆகஸ்டு 6-ந்தேதி இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து எஸ்டேட் லைன் வீடுகளை மூடியது. 70 பேர் பலி. பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்.

2024 ஜூலை 30-ந்தேதி நள்ளிரவு தாண்டி வயநாடு முண்டக்கை, சூரல்மலையில் நடந்ததை நாடே பார்த்தது. 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே மழையில் நம்ம வால்பாறை சோலையாறு அணைப் பகுதியிலும் வீட்டின் மீது மண் சரிந்து பாட்டியும் பேத்தியும் இறந்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி பெஞ்சல் புயல் மழையின்போது திருவண்ணாமலையில் மலைச்சரிவில் இருந்த வீட்டை மண்ணும் பாறையும் மூடின. குழந்தைகள் உள்பட 7 பேர் இறந்தனர்.

இந்தச் சம்பவங்களில் பெரும்பாலானவை நடந்தது ராத்திரியில். மண்ணுக்கு ராத்திரி பகல் தெரியாது. ஆனால் பகலில் சரிந்தால் ஆட்கள் வேலையிலும் பள்ளிக்கூடத்திலும் இருப்பார்கள், கண்ணால் பார்த்து ஓடுவார்கள். ராத்திரியில் வீட்டுக்குள் எல்லோரும் தூக்கத்தில் இருப்பார்கள். சாவு எண்ணிக்கை கூடுவது அதனால்தான்.

மணல் குவியலைப் பாருங்க

சரி, மண் ஏன் சரிகிறது? இதற்கு பெரிய படிப்பு தேவையில்லை. கட்டட வேலை நடக்கும் இடத்தில் கிடக்கும் மணல் குவியலே போதும்.

காய்ந்த மணலைக் கையில் அள்ளி உருண்டை பிடித்தால் நிற்காது, உதிர்ந்துவிடும். லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிடித்தால் உருண்டை கெட்டியாக நிற்கும். அதே உருண்டையை வாளித் தண்ணீரில் வைத்தால்? அடுத்த நொடி கரைந்து உட்கார்ந்துவிடும்.

மலைச்சரிவில் நடப்பதும் இதுதான். லேசான ஈரம் இருக்கும் வரை மண் துகள்களுக்கு இடையே இருக்கும் கொஞ்சநஞ்ச தண்ணீர், பசை மாதிரி ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். மழைத் தண்ணீர் நிறைய உள்ளே இறங்கினால் அந்தப் பிடிப்பு போய்விடும்.

இது முதல் அடி. இரண்டாவது அடி இன்னும் பலமானது.

கிணற்றுக் குடம் சொல்லும் பாடம்

கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்களுக்கு இது தெரியும். குடம் தண்ணீருக்குள் இருக்கும் வரை லேசாக இருக்கும். தண்ணீர் மட்டத்தை விட்டு வெளியே வந்த நொடியில் கனம் தெரியும். தண்ணீர் தன்னுள் இருக்கும் பொருளை மேலே தூக்கிக் கொடுக்கிறது.

நீலகிரி மலையில் பல இடங்களில் மேலே ஆழமான செம்மண், அதற்குக் கீழே கெட்டிப் பாறை. உள்ளே இறங்கிய தண்ணீர் பாறையைத் தொட்டதும் அதற்கு மேல் போக வழியில்லாமல் தேங்குகிறது. தேங்கிய தண்ணீர், மேலே இருக்கும் மண்ணைத் தூக்கிக் கொடுக்க ஆரம்பிக்கிறது.

மண் மேல் மண் அழுந்தி உட்கார்ந்திருந்தால்தான் உராய்வு இருக்கும், நகராமல் நிற்கும். தண்ணீர் தூக்கிக் கொடுத்தால் அந்த அழுத்தம் குறைகிறது. ஆனால் கீழ்நோக்கி இழுக்கும் கனம் குறைவதில்லை, ஊறிய தண்ணீரின் எடையும் சேர்ந்து கூடத்தான் செய்கிறது. பிடிப்பு குறைந்து, இழுப்பு கூடினால் என்ன ஆகும்? மொத்தமாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

மழை விட்ட பிறகு சரிவது ஏன்?

மணல் கலந்த மண்ணில் தண்ணீர் வேகமாக இறங்கும். களிமண் கலந்த மண்ணில் மெதுவாக இறங்கும். ஆழம் அதிகமான இடத்தில் தண்ணீர் அடிவரை போய்ச் சேர மணிக்கணக்கு, சில இடங்களில் நாள் கணக்குகூட ஆகும். மேல்புறம் வெயில் அடித்துக் காய்ந்திருக்கும். உள்ளே தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. பத்து நாளாகச் சிணுங்கல் மழை பெய்து மண் ஏற்கனவே ஊறியிருந்தால், கடைசியில் வரும் நடுத்தர மழையே போதும். அதே மழை காய்ந்த மண்ணில் பெய்தால் ஒன்றும் ஆகாது. "போன வருஷம் இதைவிட பெரிய மழை பெஞ்சுது, ஒண்ணும் ஆகலையே" என்று கணக்குப் போடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். இன்றைக்குப் பெய்த மழையை மட்டும் பார்த்தால் போதாது. மண் எத்தனை நாளாக நனைந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு சென்டில் எவ்வளவு தண்ணீர்?

1 சென்ட் நிலத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 400 லிட்டர். வீட்டுக்குப் பின்னால் 50 சென்ட் சரிவு நிலம் இருக்கிறது, ராத்திரி 15 செ.மீ. மழை பெய்கிறது என்று வையுங்கள். மொத்தம் 3 லட்சம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரி என்றால் 25 லாரி!

இதில் ஒரு பகுதி மேலோடு ஓடிவிடும். மீதி உள்ளே போகும். ஓடையை அடைத்து வைத்தால், கால்வாயில் பாட்டிலும் குப்பையும் சேர்ந்தால், ஓட வேண்டிய தண்ணீரும் தேங்கி உள்ளேதான் இறங்கும்.

மலையில் பெய்யும் மழையின் அளவும் நம்ம ஊர்க் கணக்குக்கு அடங்காது. கோவை நகரில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரி மழை சுமார் 70 செ.மீ.தான். ஆனால் 2009 நவம்பர் 10-ந்தேதி ஊட்டி அருகே கேத்தியில் ஒரே நாளில் பதிவானது 82 செ.மீ. அந்த மழையில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. பெய்தது.

அதற்கு முன்பும் பெரிய அடி விழுந்திருக்கிறது. 1993 நவம்பரில் மேட்டுப்பாளையம்-குன்னூர் ரோட்டில் மரப்பாலம் அருகே மலை சரிந்து பலர் உயிரிழந்தனர். மலை ரெயில் பாதையில் மண்ணும் மரமும் விழுந்து ரெயில் ரத்து என்ற செய்தி மழைக்காலத்தில் வாடிக்கையாகிவிட்டது.

நம்ம பகுதிக்கு ஆபத்துக் காலமும் இரண்டு. வால்பாறை, அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு பருவமழை. மேட்டுப்பாளையம், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு பருவமழை. ஒரு பக்கம் மூச்சு விடும்போது மறுபக்கம் ஆரம்பித்துவிடும்.

கோடையில் வெட்டினால் நிற்கும், ஐப்பசியில்?

மழை மட்டுமே குற்றவாளி என்றால் மலை முழுக்க சரிந்திருக்க வேண்டும். சரிவது பெரும்பாலும் மனுஷன் கை வைத்த இடத்தில்தான்.

சித்திரை, வைகாசியில் வீடு கட்ட, ரோடு போட, பொக்லைன் எந்திரம் வைத்து சரிவை நேர்க்கோட்டில் வெட்டுகிறார்கள். வெட்டிய மண் செங்குத்தாக, சுவர் மாதிரி ஜம்மென்று நிற்கும். "கெட்டி மண்ணுங்க, ஒண்ணும் ஆகாது" என்று அடியிலேயே வீட்டையும் கட்டிவிடுவார்கள்.

அந்த மண்ணை நிறுத்தி வைத்திருப்பது கோடையின் லேசான ஈரம் கொடுக்கும் பிடிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பிடிப்பு கரைந்து போகிறது. கோடையில் நின்றது மழையிலும் நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

வெட்டிய மண்ணை எங்கே கொட்டுகிறார்கள்? சரிவின் மேல் விளிம்பிலோ, கீழே ஓடையிலோ. மேலே கொட்டினால் பாரம். ஓடையில் கொட்டினால் அடைப்பு. இரண்டுமே வினை.

சமவெளியிலும் இந்தக் கதை உண்டு. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காக செம்மண்ணை ஆள் உயரத்துக்கும் பல மடங்கு ஆழமாகத் தோண்டினார்கள். அனுமதி இல்லாத சூளைகள் 2021-ல் மூடப்பட்டன. ஆனால் தோண்டிய குழிகள் தானாக மூடிக்கொள்வதில்லை. செங்குத்தாக நிற்கும் அந்த ஓரங்களில் ஆடு மாடு மேய்ப்பவர்கள் மழை நாளில் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

அடியில் தோண்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு மழையே தேவையில்லை. 2024 பிப்ரவரி 7-ந்தேதி ஊட்டி லவ்டேல் அருகே கட்டுமான வேலைக்காக மண் தோண்டிக் கொண்டிருந்தபோது மேலே இருந்த பழைய கட்டடம் சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் பலியானார்கள். பிப்ரவரியிலேயே இப்படி என்றால், ஊறிய மண்ணில் தோண்டினால் என்ன ஆகும் என்று மேஸ்திரிகளும் காண்டிராக்டர்களும் யோசிக்க வேண்டும்.

சுவரைத் தள்ளும் தண்ணீர்

மண்ணைத் தாங்கும் சுவர் கட்டியாச்சு, இனி கவலையில்லை என்று நினைப்பதும் தப்பு. சுவருக்குப் பின்னால் இருக்கும் மண் அதை எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

பொறியியல் பாடக் கணக்கு இதைத்தான் சொல்கிறது. 10 அடி உயர சுவருக்குப் பின்னால் சாதாரண மண் நிறைந்திருந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 3 டன் விசை தள்ளும். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மண் முழுக்க ஊறி நின்றால் அது சுமார் 6 டன், அதாவது இரண்டு மடங்கு.

உயரம் கூடினால் கணக்கு இன்னும் பயங்கரம். 10 அடி சுவர் 20 அடி ஆனால் தள்ளும் விசை இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். காய்ந்த மண்ணில் சுமார் 11 டன், தண்ணீர் கட்டி நின்றால் சுமார் 24 டன். "இன்னும் ரெண்டு வரி கல்லை ஏத்திருங்க" என்று சொல்லும் உரிமையாளர்கள் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

இதற்கு வைத்தியம் எளிது. சுவரில் வரிசையாக தண்ணீர் வெளியேறும் குழாய் விட வேண்டும். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் ஜல்லி நிரப்ப வேண்டும். அப்போதுதான் தண்ணீர் தேங்காமல் குழாய் வழியாக வெளியே வரும். அஸ்திவாரம் அகலமாக இருக்க வேண்டும். மழைக்கு முன்பு குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்க்க வேண்டும்.

வெறும் எல்லைக்காகக் கட்டிய சுற்றுச்சுவரை மண் தாங்கும் சுவராக ஆக்கக்கூடாது. அதன் மேல் சாய்த்து மண்ணையோ கல்லையோ கொட்டவே கூடாது. சுவர் நம்முடையது, விழுந்தால் சாவது கீழே இருப்பவன் என்ற நிலை இருக்கும் வரை, கட்டுகிறவர் பொறுப்பு இன்னும் அதிகம்.

மழை இல்லாமலே ஊறும் மண்

மலைச்சரிவில் வீடு இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், வீட்டுத் தண்ணீர். சமையலறை, குளியலறை தண்ணீரை அப்படியே சரிவில் விடுவது, செப்டிக் டேங்க் தண்ணீர் மண்ணில் ஊறுவது, உடைந்த குடிநீர்க் குழாய் மாதக்கணக்கில் ஒழுகுவது எல்லாமே மழை மாதிரிதான் வேலை செய்யும். மழைக்காலம் வருவதற்குள்ளேயே மண்ணைப் பாதி ஊற வைத்துவிடும்.

குழாய் உடைப்பை நகராட்சியோ பேரூராட்சியோ உடனே சரி செய்வது குடிநீர் மிச்சத்துக்காக மட்டுமல்ல, கீழே குடியிருப்பவர்களின் உயிருக்காகவும்தான்.

மண் கொடுக்கும் சிக்னல்

நல்ல வேளையாக, பல இடங்களில் மண் சரியும் முன்பு அறிகுறி காட்டும். இதைப் பார்த்தால் அலட்சியம் வேண்டாம்:

* வீட்டுக்கு மேலே சரிவில், ரோட்டில், தோட்டத்தில் புதிதாக நீளமான விரிசல்.

* நேராக இருந்த மரம், மின்கம்பம், வேலிக்கல் சாய்வது.

* நேற்று வரை சரியாக மூடிய கதவு, ஜன்னல் இன்று இடிப்பது. தரையிலும் சுவரிலும் புது வெடிப்பு.

* சுவர் நடுவில் வயிறு மாதிரி புடைப்பது.

* சுவர்க் குழாயில் தெளிவாக வந்த தண்ணீர் திடீரென்று கலங்கலாக வருவது, அல்லது மழை பெய்யும்போதே நின்றுவிடுவது.

* சரிவின் அடியில் இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது.

* மழை பெய்தும் ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைவது. மேலே எங்கோ மண் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அது உடைந்தால் மொத்தமாக வரும்.

* கல் உருளும் சத்தம், மரம் முறியும் சத்தம்.

இதில் எதைப் பார்த்தாலும் ராத்திரிக்கு முன்பே வீட்டை விட்டு வெளியேறுவதுதான் புத்திசாலித்தனம். பொருளை எடுக்கத் திரும்பிப் போகக்கூடாது. ஓடைப் பாதையில் ஓடக்கூடாது, பக்கவாட்டில் மேடான இடத்துக்குப் போக வேண்டும். மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. மாநில கட்டுப்பாட்டு அறை எண் 1070.

விரிசலைப் பார்த்தால் அதற்குள் தண்ணீர் போகாமல் தார்ப்பாய் போட்டு மூடலாம். மேலே சின்னதாக வாய்க்கால் வெட்டி தண்ணீரைத் திருப்பலாம். மழை நேரத்தில் அடியில் மண்ணை அள்ளுவது மட்டும் வேண்டவே வேண்டாம். சரிந்த மண்ணை உடனே அள்ளினால் மேலே இருப்பதும் வந்துவிடும்.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்?

இலங்கையின் மலையகத்தில் மழை அளவை வைத்தே எச்சரிக்கை தருகிறார்கள். 24 மணி நேரத்தில் 7.5 செ.மீ. தாண்டினால் உஷார். 10 செ.மீ. தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 15 செ.மீ. தாண்டினால் வெளியேற வேண்டும். படிக்காதவர்களுக்கும் புரியும் கணக்கு.

ஆனால் எச்சரிக்கை இருந்தால் மட்டும் போதாது என்பதையும் அதே இலங்கை காட்டியது. 2014 அக்டோபர் 29-ந்தேதி கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளர்களின் லைன் வீடுகள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று அரசு நிறுவனமே பல ஆண்டுகளுக்கு முன்பு சொல்லியிருந்தது. போவதற்கு மாற்று வீடு இல்லாததால் மக்கள் அங்கேயே இருந்தார்கள்.

ஹாங்காங் நகரத்தில் 1972 ஜூன் 18-ந்தேதி ஒரே நாளில் இரண்டு இடங்களில் மண் சரிந்து 138 பேர் இறந்தார்கள். 1976-ல் மறுபடியும் ஒரு சரிவு. அதற்குப் பிறகு 1977-ல் இதற்கென்றே தனி அலுவலகம் வைத்தார்கள். இன்று அங்கே மனிதர்கள் வெட்டிய, கட்டிய சரிவுகள் சுமார் 60 ஆயிரத்துக்கும் நம்பர் போட்டு பதிவு செய்திருக்கிறார்கள். எந்தச் சரிவுக்கு யார் பொறுப்பு என்பதும் பதிவில் இருக்கிறது.

நம்ம ஊரிலும் அறிவுக்குப் பஞ்சமில்லை. கோவை எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகத்தார் 2009-ம் ஆண்டிலேயே மூணாறு அந்தோணியார் காலனி சரிவில் மண்ணுக்குள் கருவிகளைப் பதித்து, உள்ளே தண்ணீர் அழுத்தம் ஏறுவதை அளந்து எச்சரிக்கை கொடுத்தார்கள்.

இந்திய புவியியல் ஆய்வுத்துறை 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தைத் தொடங்கியது. இந்த முன்னறிவிப்பு முதலில் தொடங்கப்பட்ட இடங்களில் நீலகிரியும் ஒன்று. 'பூஸ்கலன்' என்ற செல்போன் செயலியும் இருக்கிறது. நீலகிரி மலைச்சாலைகளில் சரிவுக்குள் நீளமான இரும்புக் கம்பிகளைச் செலுத்தி, மேலே வலை போட்டு, புல் வளர்க்கும் வேலையையும் நெடுஞ்சாலைத்துறை செய்திருக்கிறது.

ரோட்டுக்கு கம்பி, வீட்டுக்கு?

இங்கேதான் கேள்வி எழுகிறது. ரோட்டோரச் சரிவுக்கு கம்பி அடிக்கிறார்கள். லைன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவை யார் பார்ப்பது?

நீலகிரியில் 283 இடங்கள் அபாயகரமானவை என்று மாவட்ட நிர்வாகம் கணக்கெடுத்து வைத்திருக்கிறது. இந்தப் பட்டியல் பல ஆண்டுகளாகச் செய்தியில் வருகிறது. ஆனால் பட்டியலில் தன் வீடு இருக்கிறதா என்பது அங்கே குடியிருக்கும் கூலித் தொழிலாளிக்குத் தெரிய வேண்டாமா? மலையின் ஓரத்திலும் ஓடைக்கரையிலும் சுவருக்கு அடியிலும் இருப்பவர்கள் ஆசைப்பட்டு அங்கே இருக்கவில்லை. வேறு இடம் வாங்க வசதி இல்லை, அவ்வளவுதானுங்க.

மழைக்காலத்துக்கு முன்பு செய்யக்கூடிய காரியங்கள் பெரிய செலவு பிடிப்பவையும் அல்ல. எஸ்டேட்டிலும் ஊரிலும் கடந்த 3 நாளில் பெய்த மழை எத்தனை செ.மீ. என்பதை ரேஷன் கடை, டீக்கடை பலகையில் தினமும் எழுதிப் போடலாம். எத்தனை செ.மீ. தாண்டினால் எங்கே போக வேண்டும் என்பதையும் அதன் கீழேயே எழுதலாம். ஆபத்தான சுவர், சரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, பொறுப்பான அதிகாரியின் பதவியை எழுதி வைக்கலாம். புகார் கொடுத்தால் அந்த எண்ணைச் சொன்னால் போதும், "எந்தச் சுவர்?" என்று யாரும் கேட்க முடியாது.

முகாம்களை ராத்திரி மழை வலுத்த பிறகு திறப்பதைவிட மாலையிலேயே திறக்க வேண்டும். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று மக்கள் வர வேண்டுமானால் சாப்பாடும், ஆடு மாடு கட்ட இடமும் கொடுக்க வேண்டும். பத்து தடவை வெளியேறி ஒன்பது தடவை ஒன்றும் நடக்காமல் போகலாம். "சும்மா அலைக்கழிச்சாங்க" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். பத்தாவது தடவைக்காகத்தான் அந்த ஒன்பது.

நடூரில் 17 பேர் போன பிறகு அமைச்சர்கள் வந்தார்கள், அதிகாரிகள் வந்தார்கள், நிவாரணம் வந்தது. அதற்கு முன்பு ஒரே ஒரு அதிகாரி வந்து அந்தச் சுவரின் நிலையைப் பார்த்து, மழை முடியும் வரை அந்தக் குடும்பங்களை வேறு இடத்தில் தங்க வைத்திருந்தால் நிவாரணத்துக்கே வேலை இருந்திருக்காது.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் கோவை, நீலகிரி மாவட்ட மலையடிவாரக் குடியிருப்புகளில் அப்படி எத்தனை சுவர்கள், எத்தனை வெட்டிய சரிவுகள் இருக்கின்றன என்று வீடு வீடாகப் போய் பார்ப்பார்களா? இதுதான் மலையடிவார மக்களின் எதிர்பார்ப்பு.